தட்டருகே ஒரு கிளாஸ், கவுன்டரில் ஒரு குவாட்டர்

இத்தாலியில் மூன்றில் இரண்டு பேர் ஆண்டில் ஒரு முறையாவது மது குடிக்கிறார்கள். பெண்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் குடிக்கிறார்கள். தமிழ்நாட்டில் பதினைந்து வயது தாண்டிய ஆண்களில் நான்கில் ஒருவர்தான் குடிக்கிறார். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு தரும் அளவு 25.4 சதவீதம். பெண்களில் ஆயிரத்துக்கு மூன்று பேர். இந்தக் கணக்கை மட்டும் பார்ப்பவர், குடியால் சீரழிந்த நாடு இத்தாலிதான் என்று முடிவுகட்டிவிடுவார்.

நடப்பு நேர்மாறு. குடிநோயாளிகளின் விகிதத்தில் ஐரோப்பாவிலேயே கீழ்வரிசையில் இருக்கும் நாடு இத்தாலி. நம் பக்கமோ வேறு கதை. டெல்லி எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளிவந்த நாடு தழுவிய ஆய்வின்படி, 10 முதல் 75 வயது வரையிலான இந்தியர்களில் 14.6 சதவீதம் பேர் குடிக்கிறார்கள். 5.2 சதவீதம் பேருக்கு அது பிறர் உதவி தேவைப்படும் அளவுக்கு முற்றியிருக்கிறது. அதாவது, குடிப்பவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல்.

அங்கே அத்தனை பேர் தொட்டும் சிலர்தான் விழுகிறார்கள். இங்கே பெரும்பாலோர் தொடாமலே இருந்தும், தொட்டவர்களில் இத்தனை பேர் விழுகிறார்கள். ஏன் என்று கேட்டால் நம் ஊரில் இரண்டு பதில் வரும். ‘அவனுக்கு மனக்கட்டுப்பாடு கிடையாது’ என்பது ஒன்று. ‘பாவம், கவலையில குடிக்கிறான்’ என்பது மற்றொன்று. இரண்டுமே குடிப்பவனின் மனசுக்குள் காரணத்தைத் தேடுகின்றன. இரண்டு ஊர்க் குடியையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது எனக்குப் படுவது, காரணத்தில் பெரும்பங்கு மனசுக்கு வெளியே கிடக்கிறது என்பதே. எவ்வளவு பெரிய பாட்டில், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், யார் பக்கத்தில், வயிற்றில் என்ன இருக்கும்போது என்ற விவரங்களில் அது கிடக்கிறது.

அளவிலிருந்தே தொடங்கலாம். இத்தாலியில் ஒரு கிளாஸ் ஒயின் என்றால் 125 மில்லி. 12 சதவீத ஒயினாக இருந்தால் அதில் சுத்த ஆல்கஹால் ஏறத்தாழ 12 கிராம். அந்நாட்டு மருத்துவர்கள் அதையே ஓர் அலகாக வைத்துப் பேசுகிறார்கள். நம் கடையில் அலகு குவாட்டர். 180 மில்லி, 42.8 சதவீதம். பெருக்கிப் பார்த்தால் ஆல்கஹால் மட்டும் 61 கிராம் வருகிறது. ஐந்து இத்தாலியக் கிளாஸ் ஒரு சின்ன பாட்டிலுக்குள் இருக்கிறது.

ஒரே அமர்வில் 60 கிராமோ அதற்கு மேலோ குடிப்பதை மிகைக்குடி என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கிறது. அந்தக் கோட்டை எட்ட ஓர் இத்தாலியர் வழக்கமான சாப்பாட்டு நேரத்தைத் தாண்டி வெகுநேரம் உட்கார்ந்து குடிக்க வேண்டியிருக்கும். நம்மவர் குவாட்டர் பாட்டிலின் மூடியைத் திருகி, காலி செய்தாலே கோட்டைத் தாண்டிவிடுகிறார். குடிப்பழக்கத்தின் தீவிரத்தை அறிய அதே நிறுவனம் வகுத்த ஆடிட் என்ற பத்துக் கேள்விப் படிவம் உண்டு. ஒரே நேரத்தில் ஆறு அலகோ அதற்கு மேலோ எத்தனை முறை குடிக்கிறீர்கள் என்பது அதன் மூன்றாவது கேள்வி. அந்தப் படிவத்தில் அலகு 10 கிராம். குவாட்டர் குடிக்கும் ஒருவர் அதற்கு உண்மையாகப் பதில் சொன்னால், குடிக்கும்போதெல்லாம் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் தன்னைக் குடிகாரர் என்றே நினைத்திருக்க மாட்டார். ‘ஒரே ஒரு குவாட்டர்தான்’ என்றுதான் வீட்டிலும் சொல்லியிருப்பார்.

பக்கத்திலேயே பீர் இருக்கிறதே என்று கேட்கலாம். 650 மில்லி பீர் பாட்டிலில், 5 சதவீதம் என்று கொண்டால், ஆல்கஹால் 26 கிராம்தான். விலையோ மலிவான குவாட்டருக்குக் கிட்டத்தட்ட சமம். நாள் கூலியில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு வருகிறவர், அதே காசுக்கு இரண்டு மடங்குக்கு மேல் ஏறும் பாட்டிலை எடுப்பதில் வியப்பில்லை.

சாயங்காலம் ஆறரை மணிக்கு ஒரு கடை வாசலில் நின்று பார்த்தால் மீதி விளங்கும். கட்டட வேலை முடிந்து வருகிறவர்களின் முழங்கை வரை சிமென்ட் காய்ந்திருக்கும். மதியச் சோறு ஒரு மணிக்குச் சாப்பிட்டது. கம்பி வலைக்குள் கையை நீட்டி வாங்குவதற்கு முன்பே பேரம் நடக்கிறது. “அண்ணே, ஒரு கட்டிங் சேந்துக்கலாமா?” கேட்பவருக்கும் கேட்கப்படுபவருக்கும் முன்பின் பழக்கம் இருக்காது. ஆளுக்குப் பாதிப் பணம், ஆளுக்குத் தொண்ணூறு மில்லி. பிளாஸ்டிக் டம்ளர், தண்ணீர் பாக்கெட், ஒரு ஊறுகாய்ப் பொட்டலம். டம்ளரைத் தூக்கி, முகத்தைச் சுளித்து, ஒரே மூச்சில் உள்ளே தள்ளி, விரலால் ஊறுகாயைத் தொட்டு நாக்கில் வைப்பதோடு சரி. பேச்சு இல்லை. பத்து நிமிடத்தில் இருவரும் இரண்டு திசையில் போய்விடுகிறார்கள். சிலர் சிறிது தூரம் போய்விட்டு, இன்னொரு கட்டிங்குக்குத் திரும்பி வருகிறார்கள். வீட்டுச் சோறு இதற்கெல்லாம் பிறகு. பல நாள் அந்தச் சோறும் கிடையாது.

இத்தாலியச் சாப்பாட்டு மேசையில் ஒயின் நடுவில் இருக்கும். பக்கத்திலேயே தண்ணீர்க் குவளையும் இருக்கும். பாஸ்தா, இறைச்சி, ரொட்டி என்று வரிசையாக வரும்போது இடையிடையே இரண்டு வாய். பாட்டி உட்கார்ந்திருப்பார், மருமகள் இருப்பார், பள்ளியிலிருந்து வந்த பிள்ளை இருக்கும். இந்த மேசையில் ஒருவர் நிதானம் இழந்து பேசினால் அது அவருக்குத் தீராத அவமானம். வயிற்றில் உணவு இருக்கும்போது ஆல்கஹால் சிறுகுடலுக்குள் மெதுவாகத்தான் இறங்கும். ரத்தத்தில் அதன் உச்சம் தாழ்ந்தே நிற்கும். வெறும் வயிற்றில் விழுங்கியது அரை மணிக்குள் மூளையை எட்டிவிடும். அந்தச் சட்டென்ற ஏற்றத்தைத்தான் மூளை பரிசாக நினைவில் பதித்துக்கொள்கிறது. அதையே மறுபடி கேட்கிறது. போதைக்காகவே, வேகமாக, குடும்பத்துக்கு வெளியே, கடும் மதுவைக் குடிப்பதுதான் இந்தியக் குடியின் முத்திரை என்று பெங்களூரு நிமான்ஸ் மனநல மருத்துவர் விவேக் பெனகல் எழுதியிருக்கிறார். கடை வாசலில் பார்ப்பது அதைத்தான்.

இத்தோடு நிறுத்தினால் இத்தாலிக்கு நற்சான்று கொடுத்ததாகிவிடும். அது சரியில்லை. 1970 வாக்கில் ஓர் இத்தாலியர் ஆண்டுக்குச் சராசரியாக 110 லிட்டர் ஒயின் குடித்தார். அந்த ஆண்டுகளில் கல்லீரல் சுருக்க நோயால் செத்தவர்கள் அங்கே மிக அதிகம். தெருவில் யாரும் விழுந்து கிடக்கவில்லை, மனைவி யாரும் நள்ளிரவில் அடி வாங்கவில்லை என்று வைத்துக்கொண்டாலும், தினம் பல கிளாஸ் என்று அமைதியாக உள்ளே போனது முப்பது ஆண்டில் கல்லீரலைத் தின்றுவிட்டது. ஒழுங்காகக் குடித்தாரா, தள்ளாடிக் குடித்தாரா என்று கல்லீரல் பெரிதாகப் பார்ப்பதில்லை. மொத்த அளவைத்தான் முக்கியமாகப் பார்க்கிறது. பிறகு அங்கே குடி இறங்கியது. இன்று ஒயின் 40 லிட்டருக்குள் வந்துவிட்டது. கல்லீரல் சாவும் பாதிக்குக் கீழே விழுந்தது. மஞ்சள் காமாலைக் கிருமிகள் கட்டுக்குள் வந்ததற்கும் அதில் பங்குண்டு.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்த இறக்கம் வந்த விதம். சட்டம் போட்டு இறக்கியதில்லை. ரத்தத்தில் இவ்வளவு ஆல்கஹாலுக்கு மேல் இருந்தால் வண்டி ஓட்டக் கூடாது என்ற வரம்பே 1988இல்தான் அங்கே வந்தது. மதுச் சிக்கல்களுக்கென ஒரு முழுச் சட்டம் 2001இல் வந்தது. அதற்கு வெகு முன்பே கோடு கீழ்நோக்கி வளைந்துவிட்டது. கிராமத்து வயலிலிருந்து மக்கள் நகரத்துத் தொழிற்சாலைக்கும் அலுவலகத்துக்கும் போனார்கள். மதியம் வீட்டுக்கு வந்து நிதானமாகச் சாப்பிடும் நேரம் சுருங்கியது. பெண்கள் வேலைக்குப் போனார்கள். நீண்ட சாப்பாடு போனது, அதோடு ஒட்டியிருந்த ஒயினும் போனது. குடி எதனோடு கட்டப்பட்டிருந்ததோ அது மாறியதும் குடியும் மாறிவிட்டது. இப்போது இளைஞர்களிடம் சாப்பாட்டுக்கு வெளியே, மாலையில் நின்றுகொண்டு குடிக்கும் பழக்கம் பரவுவதுதான் அங்கே கவலை. சாப்பாட்டோடு குடிப்பதையும் சாப்பாட்டுக்கு வெளியே குடிப்பதையும் அந்நாட்டுப் புள்ளியியல் நிறுவனம் ஆண்டுதோறும் தனித்தனியாக எண்ணுகிறது. நம் அரசு மது வருமானக் கணக்கை மிகத் துல்லியமாக வெளியிடுகிறது. வயிற்றில் சோறு இருந்ததா என்று கேட்கும் கணக்கு ஒன்றும் நம்மிடமும் இருக்க வேண்டும்.

இதெல்லாம் பழக்கவழக்கம்தானா, இத்தாலியர் ரத்தத்திலேயே ஏதாவது பாதுகாப்பு இருக்குமோ என்ற சந்தேகம் நியாயமானது. இதைச் சோதித்துப் பார்க்க வாய்ப்பாக அமைந்த ஊர் அமெரிக்காவின் பாஸ்டன். 1940 வாக்கில் அங்கே நகர மையத்தின் ஏழைத் தெருக்களிலிருந்து 456 சிறுவர்களைத் தேர்ந்தெடுத்து, பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அயர்லாந்திலிருந்து வந்த குடும்பங்களும் இத்தாலியிலிருந்து வந்த குடும்பங்களும் அதே தெருக்களில், அதே வறுமையில், அதே மதுக்கடைகளைச் சுற்றி வாழ்ந்தன. மனநல மருத்துவர் ஜார்ஜ் வைலன்ட் இவர்களின் நடுவயது வரை பின்தொடர்ந்து 1983இல் புத்தகமாக எழுதினார். அயர்லாந்து வழிச் சிறுவர்கள் குடிநோயாளி ஆன வாய்ப்பு, இத்தாலி போன்ற மத்தியதரைக் கடல் நாட்டு வழிச் சிறுவர்களைப் போல ஏழு மடங்கு.

வைலன்ட் இதற்குத் தரும் விளக்கத்தைப் படிக்கும்போது நம் ஊரைப் படிப்பது போலவே இருக்கிறது. அயர்லாந்துக் குடும்பங்களில் வீட்டுக்குள் மதுவுக்கு இடமில்லை. பிள்ளைகள் பக்கத்தில் போகக் கூடாது. ஆனால் வளர்ந்த ஆண் வெளியே போய்த் தள்ளாடும் அளவுக்குக் குடித்தால் அது ஆண்மையின் ஓர் அடையாளமாகப் பொறுத்துக்கொள்ளப்பட்டது. இத்தாலியக் குடும்பங்களில் வீட்டுக்குள் இடமுண்டு, தள்ளாட மட்டும் அனுமதியில்லை. பிள்ளைக்கு ஒயின் கொடுக்க வேண்டும் என்று இதற்கு யாரும் பொருள் எடுத்துக்கொள்ளக் கூடாது. இளவயதில் தொடங்கும் குடி ஆபத்து என்பதால் இத்தாலியே 2012இல் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு விற்பதைத் தடைசெய்தது. எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. முழு விலக்கையும் முழு போதையையும் மட்டுமே கற்றுக்கொடுக்கும் ஊரில், இரண்டுக்கும் நடுவே நிற்க யாருக்கும் தெரிவதில்லை.

அதே ஆய்வு ‘கவலையில குடிக்கிறான்’ என்ற பதிலையும் ஆட்டம் காணச் செய்கிறது. குடிநோயாளி ஒருவரைப் பின்னாளில் கேட்டால் சிறு வயதுத் துயரங்களைத்தான் காரணமாகச் சொல்வார். ஆனால் அவர்களைச் சிறுவர்களாக இருந்தபோதே பார்த்து எழுதிவைத்த குறிப்புகளில், பிற்காலத்தில் குடிநோயாளி ஆனவர்களின் பிள்ளைப்பருவம் மற்றவர்களுடையதைவிடப் பெரிதாகத் துயரமானதாக இல்லை. தந்தையோ தாயோ குடிநோயாளியாக இருந்தார்களா என்பதே வலுவாக வேறுபட்டது. மனச்சோர்வும் பலரிடம் குடிக்குப் பின்னால்தான் வந்திருந்தது. தினம் குடிக்கும் மூளை, தன்னை அமைதிப்படுத்தும் ரசாயனத்தின் வேலையை மதுவிடம் விட்டுவிடும். மது இல்லாத காலையில் பதற்றமும் சோர்வும் வரும். அதைக் கவலை என்று பெயரிட்டு, அதற்கு மருந்தாக மறுபடி குடிப்பார்கள். நம் ஊரில் உடம்பு அசதிக்கும் வலிக்கும் என்று தொடங்குகிறவர்களின் கதையும் நாளடைவில் இதில்தான் வந்து சேர்கிறது.

பரம்பரையின் பங்கை மறைக்கவும் கூடாது. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் குடிநோய்க்கான சாய்வில் ஏறத்தாழ பாதி பிறப்போடு வருகிறது என்கின்றன. அது எந்த உருவில் வருகிறது என்பதை சான் டியேகோவில் மார்க் ஷுக்கிட் காட்டியிருக்கிறார். குடிநோயாளிகளின் மகன்களுக்கும் மற்ற இளைஞர்களுக்கும் ஒரே அளவு மது கொடுத்தபோது, முன்னவர்களில் பலருக்குப் போதை குறைவாகவே ஏறியது. அப்படிக் குறைவாக ஏறியவர்களே பின்னாளில் அதிகமாகக் குடிநோயாளி ஆனார்கள். நம் கூட்டாளிகள் வட்டத்தில் இவருக்குத்தான் மரியாதை. ‘எவ்வளவு அடிச்சாலும் மச்சான் ஸ்டெடியா நிப்பான்’ என்று தோளில் தட்டுவார்கள். உடம்பு எச்சரிக்கை மணி அடிக்காத ஆள் அவர். தட்டருகே இரண்டு கிளாஸோடு முடியும் மேசையில் அவருடைய இந்தக் குறை வெளிப்படவே வாய்ப்பில்லாமல் போகலாம். குவாட்டரில் தொடங்கும் வட்டத்தில் அவர் ஒரே ஆண்டில் ஆஃப் பாட்டிலுக்குப் போய்விடுகிறார். ஒரே பிறப்புச் சாய்வு ஓர் ஊரில் தூங்கிக்கிடக்கிறது, மற்றோர் ஊரில் எழுப்பிவிடப்படுகிறது.

நம் ஊர்க் குடி எப்படி இந்த வடிவத்துக்கு வந்தது? 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் ராஜாஜி மதுவிலக்கைத் தொடங்கினார். 1948க்குள் சென்னை மாகாணம் முழுக்கப் பரவியது. அதன் பின்னால் இருந்த அக்கறை உண்மையானது. குடியால் அழிந்த குடும்பங்களைக் கண்ணால் கண்டவர்களின் அக்கறை. ஆனால் ஒளித்துக் கடத்த வேண்டிய சரக்கு சின்னதாகவும் வீரியமாகவும் இருந்தாக வேண்டும். ஒரே நாளில் புளித்துக் கெடும் கள்ளைப் பதுக்க முடியாது, சாராயத்தைப் பதுக்கலாம். மறைவில் நின்று, யாரும் வருவதற்குள் மடமடவென்று குடிக்கும் கையை ஒரு தலைமுறை பழகிக்கொண்டது. 1971இல் விலக்கு தளர்ந்தது, சில ஆண்டில் திரும்ப வந்தது, 1981இல் மறுபடி தளர்ந்தது. 1987 தொடக்கத்தில் கள்ளும் சாராயமும் தடையாயின, பாட்டில் மது மட்டும் சட்டப்படி நின்றது. 2003 நவம்பரில் சில்லறை விற்பனை முழுவதையும் அரசு நிறுவனமான டாஸ்மாக் எடுத்துக்கொண்டது. 2023–24இல் அரசுக்கு அதில் வந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். இத்தாலியில் ஒயினுக்குக் கலால் வரி இன்றும் பூஜ்ஜியம். அங்கே அது விவசாயப் பொருள். இங்கே கருவூலத்தின் தூண். தூணாகிவிட்ட ஒன்றைச் சின்னதாக்க எந்த ஆட்சிக்கும் மனம் வருவதில்லை. பாட்டிலுக்குக் கூடக் காசில்லாதவர்களின் கையில் பாக்கெட் சாராயம் இருக்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த அந்தச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது.

அப்படியானால் கள்ளுக்கடையைத் திறந்துவிட்டால் போதுமா? நான்கைந்து சதவீதம் ஆல்கஹால் உள்ள கள், குவாட்டரைவிட எத்தனையோ மென்மையானது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் மலாயா தோட்டங்களின் வரலாறு கண்முன் நிற்கிறது. ரப்பர் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளிகளின் குடியிருப்பு வரிசையான லயத்துக்குப் பக்கத்திலேயே கள்ளுக்கடை இருந்தது. கூலி கைக்கு வரும், சாயங்காலம் கடைக்குப் போகும். ஊரில் பனையடியில் குடித்த அதே கள், சொந்தபந்தமும் ஊர்க்கட்டும் இல்லாத லயத்தில் குடும்பங்களைக் கடனில் அமிழ்த்தியது. 1941இல் சிலாங்கூரின் கிள்ளான் பகுதியில் ஆர்.எச்.நாதன் தலைமையில் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தபோது, வெள்ளைத் துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற விதியை நீக்கச் சொன்னார்கள். அதே பட்டியலில் கள்ளுக்கடைகளை மூடச் சொன்ன கோரிக்கையும் இருந்தது. சுயமரியாதையும் கள்ளுக்கடையும் ஒரே போராட்டத்தில் வந்தது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை. மென்மையான மதுவும், அதைச் சுற்றியிருக்கும் வாழ்க்கை சிதைந்திருந்தால், ஆளை விழுங்கும்.

விழுந்தவரைத் தூக்குவதிலும் இரண்டு ஊருக்கும் வேறுபாடு உண்டு. குரோஷிய மனநல மருத்துவர் விளாதிமிர் ஹுதோலின் ஜாக்ரெபில் 1964இல் தொடங்கிய குடிநோயாளிகள் கிளப், 1979இல் திரியெஸ்தே வழியாக இத்தாலிக்குள் வந்தது. வடகிழக்கு இத்தாலியில் நன்றாக வேரூன்றியது. வாரம் ஒரு முறை பல குடும்பங்கள் ஒரு வட்டமாக உட்காரும். நோயாளி தனியாக வருவதில்லை, மனைவியும் பிள்ளையும் கூடவே வருவார்கள். குடி நடந்தது குடும்பத்தின் மேசையில், எனவே மீட்சியும் குடும்பத்தோடு. நம்மிடமும் இந்த வழி தெரியாததில்லை. கணவர் டி.டி.ரங்கநாதனைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் அவர் பெயரில் தொடங்கிய சிகிச்சை மையம், குடும்பத்தினருக்கென்றே தனிப் பயிற்சி வைத்தது. ஆனால் அங்கே வந்து சேருபவர் வெகு தாமதமாகத்தான் வருகிறார். குடி வீட்டுக்கு வெளியே, வெட்கத்தோடு நடப்பதால், கை நடுங்கும் வரை வீட்டில் யாரும் வாய் திறந்து பேசுவதில்லை.

அதற்கு முன் நாம் நம்புவது விரதத்தை. ஐயப்பனுக்கு மாலை போட்டு நாற்பத்தொரு நாள் தொடாமல் இருப்பார்கள். குடியை விடக் கோயிலில் கயிறு கட்டுவார்கள். இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நாற்பத்தொரு நாள் குடிக்காமல் இருக்க முடிந்த ஒருவருக்கு அந்த நாள்களே பெரிய மருந்து, மாலையைக் கழற்றும் நாளில் கூட்டாளிகள் காத்திருக்காமல் இருந்தால். ஆனால் காலையில் ஒரு கட்டிங் போட்டால்தான் கை நிற்கும் என்ற நிலைக்கு வந்தவரின் கதை வேறு. அவர் சட்டென்று நிறுத்தினால் சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் வரும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாளை ஒட்டி இல்லாத பூச்சிகள் உடம்பில் ஊர்வதாகத் தட்டிவிடுவார், யாரோ கூப்பிடுவதாக எழுந்து ஓடுவார். வீட்டில் அதைச் சாமி குத்தம், பேய் பிடித்தது என்று நினைத்து, பயந்துபோய்ப் பழையபடி அரை டம்ளர் ஊற்றிக்கொடுத்துவிடுகிறார்கள். இல்லாவிட்டால் அவர் உயிரே போய்விடலாம்.

இந்த நிலைக்குச் சிகிச்சை உண்டு. டயசிபாம், லோரசிபாம் போன்ற மாத்திரைகளை முதல் நாள் கூடுதலாகக் கொடுத்து, ஐந்தாறு நாளில் படிப்படியாகக் குறைப்பார்கள். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் ஊசி போடுவார்கள், இல்லையென்றால் நினைவாற்றலே நிரந்தரமாகப் போய்விடும் அபாயம் உண்டு. மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவில் இது நடக்கும். கயிறு கட்டிக்கொண்ட கையோடு நேராக அங்கே போகலாம். வீட்டில் ஒருவர் கூடவே போய் அந்த ஐந்து நாளும் அருகில் இருக்க வேண்டும். எத்தனை ஆண்டாக, ஒரு நாளைக்கு எத்தனை குவாட்டர், கடைசியாக எப்போது குடித்தார் என்று மருத்துவர் கேட்கும்போது, குறைக்காமல் சொல்ல வேண்டும்.